கேஸ மூடினேனா?

ஓசிடின்னா (வேண்டாத பயம் திரும்பத் திரும்ப வந்து, ஒரே வேலையத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கற மனநலப் பிரச்சன) கை கழுவிக்கிட்டே இருக்கறதுன்னு நெறைய பேர் நெனைக்கிறாங்க, எனக்கு அது கேஸ் சிலிண்டர், ராத்திரி படுத்தப்புறம் 15 தடவ எந்திரிச்சுப் போய் ரெகுலேட்டரத் தொட்டுப் பாப்பேன், அப்பவும் மனசு ஆறாது. தெரபில சொன்னது, ஒரே ஒரு தடவ மூடிட்டு வந்து படுக்கணும், எவ்ளோ தோணினாலும் திரும்பப் போகக்கூடாது. எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன்னு பேரு, 1966ல லண்டன்ல விக்டர் மேயர்ங்கற உளவியலாளர் எழுதின கட்டுரைலேந்து வளந்த முறை.

மொத நாள் பயம் 100க்கு 90, நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அம்மாகிட்ட "மூடிட்டேன்லம்மா?"ன்னு கேக்கக்கூட கூடாதாம், ஏன்னா அவங்க சொல்ற பதிலும் ஒரு செக்கிங்தான். பாசத்துல சொல்ற ஆறுதலே நோய்க்குத் தீனியாகுதுங்கறத வீட்டுல இருக்கறவங்க கண்டிப்பா தெரிஞ்சுக்கணும். ஒரு மணி நேரத்துல பயம் தானா 40க்கு எறங்குச்சு.

இப்ப பத்தாவது வாரம், நேத்து ஒரு தடவதான் எந்திரிச்சேன்.