கேட்டையும் ஒரு சட்டைப் பட்டனும்

எனக்கு வந்த முதல் மூன்று வரனும் கேட்டையால் தட்டிப்போனவை. கேட்டை நட்சத்திரத்துப் பெண் வந்தால் புருஷனுடைய அண்ணனுக்கு ஆகாதாம். போதாக்குறைக்கு 'கேட்டை, மூட்டை, செவ்வாய்க்கிழமை' என்று ஒரு சொலவடை வேறு. இவர் வீட்டில் ஒத்துக்கொண்டதும் பெருந்தன்மையால் இல்லை. இவர்தான் தலைப்பிள்ளை, அவ்வளவுதான்.

அந்தக் கேட்டை வானத்தில் எங்கே இருக்கிறது என்று பார்த்தது நாற்பது வயது தாண்டித்தான். கோவில்பட்டியில் தையல் கடை வைத்திருக்கிறேன். போன மே மாதம் ஒரு ராத்திரி பத்தரை மணிக்குக் கரண்ட் போய்விட, பாயைச் சுருட்டிக்கொண்டு மூன்று பேரும் மொட்டைமாடிக்கு ஏறினோம். மகள் போனை வானத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தாள். எங்கள் மூன்று பேர் நட்சத்திரமும் அன்றைக்கு ஒரே நேரத்தில் மேலே இருந்தன. அவளுடைய சுவாதி, ஆர்க்டரஸ், உச்சியில். இவருடைய சித்திரை, ஸ்பைகா, நீலம் தட்டின வெள்ளையாகக் கொஞ்சம் மேற்கே சாய்ந்து. என் கேட்டை, அன்டாரிஸ், தென்கிழக்கில் கங்கு மாதிரி.

"அப்பாவோடதும் உன்னோடதும் ஒரே வெளிச்சமாத்தானே இருக்கும்மா" என்றாள். பார்வைக்கு ஆமாம். நட்சத்திரம் கண்ணுக்கு எவ்வளவு பளிச்சென்று தெரிகிறது என்பதற்கு ஒளிர்வு வரிசை என்று ஒரு எண் உண்டு, இரண்டுக்கும் அது ஏறக்குறைய ஒன்று. எனக்கு அது பொறுக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

தையல்காரிக்குத் தெரிந்த அளவு பட்டன்தான். 11 மில்லிமீட்டர் சட்டைப் பட்டன் ஒன்றைச் சூரியன் என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் பூமி ஒன்றேகால் மீட்டருக்கும் சற்றுக் குறைவான தூரத்தில், கண்ணில் தட்டுப்படாத தூசி. சித்திரை சூரியனைப் போல ஏழு, எட்டு மடங்கு அகலம். பட்டன் கணக்கில் காபி டபரா அளவு. உண்மையில் அது ஒன்றல்ல, நான்கு நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இரட்டை. டபரா அதில் பெரியது. சுவாதி 25 மடங்கு, ஒரு சாப்பாட்டுத் தட்டு. கேட்டை? கிட்டத்தட்ட 680 மடங்கு. இருபத்து நாலு அடிக்கு மேல் வருகிறது. எங்கள் மொட்டைமாடியே 20 அடி அகலம்தான்! சூரியன் இருக்கும் இடத்தில் அன்டாரிஸைக் கொண்டுவந்து வைத்தால் நம்மையும் விழுங்கி, செவ்வாயின் பாதையையும் தாண்டிவிடும்.

அப்புறம் ஏன் டபராவும் மொட்டைமாடியும் ஒரே வெளிச்சமாகத் தெரிகின்றன? ஒரு காரணம் சூடு. கேட்டையின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 3,600 கெல்வின், சூரியனுக்கு 5,800. அதனால் ஒரு சதுர அடிக்கு அது தருவது சூரியன் தருவதில் ஏழில் ஒரு பங்குதான். சித்திரையோ 25,000 கெல்வினைத் தொடுகிற ஆசாமி, சின்ன உடம்பில் அத்தனை தகிப்பு. இவருக்குப் பொருத்தம்தான்.

இன்னொரு காரணம் தூரம். ஒளி ஒரு வருஷத்தில் ஓடும் தூரம்தான் ஒளியாண்டு, பட்டன் கணக்கில் அது 75 கிலோமீட்டர். 37 ஒளியாண்டில் இருக்கும் சுவாதி, கோவில்பட்டியிலிருந்து ஸ்ரீநகர். சித்திரை 250 ஒளியாண்டு, 18,000 கிலோமீட்டருக்கு மேல். கேட்டை 550 ஒளியாண்டு. அதாவது பட்டனை வைத்த இடத்திலிருந்து கிளம்பிப் பூமியையே ஒரு சுற்று சுற்றி வரும் தூரம்.

அன்று தெற்கே, வீட்டுக் கூரைகளை ஒட்டி இன்னொரு நட்சத்திரம் என்னுடையதைவிட மூன்று மடங்கு பளிச்சென்று இருந்தது. ஆல்ஃபா சென்டாரி. அதுவும் இரட்டைதான், பெரியது நம் சட்டைப் பட்டனைவிடக் கொஞ்சம்தான் பெரிது. ஆனால் இருப்பது 4.37 ஒளியாண்டில், நம் கணக்கில் தர்மபுரி. தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் நாலில் ஒன்றாகும் என்ற விதிப்படி இரண்டையும் இடம் மாற்றிப் பார்த்தேன். தர்மபுரிக்காரரைக் கேட்டையின் தூரத்துக்குத் தள்ளினால் வெறும் கண்ணுக்குத் தெரியவே மாட்டார். கேட்டையைத் தர்மபுரிக்கு இழுத்துவந்தால் வெள்ளிக் கிரகத்தைப் போல நூறு மடங்கு வெளிச்சம், தரையில் நிழல் விழும்.

உண்மையை ஒத்துக்கொள்ள வேண்டும், அத்தனை பெரிய உடம்புக்கு எடை சுமார் 12 சூரியன்தான். பஞ்சு அடைத்த தலையணை. அந்த மூன்று மாப்பிள்ளை வீட்டுக்கும் இந்தக் கணக்கை அனுப்பலாமா என்றேன். "அவங்க அண்ணனெல்லாம் நல்லா இருக்காங்களான்னு முதல்ல கேளு" என்றார் இவர்.

மகளுக்கு ஒருமுறை செய்து காட்டலாம் என்று பட்டனை மாடிக் கைப்பிடிச் சுவரில் வைத்திருந்தேன். காலையில் காணோம். காற்றோ காக்கையோ தெரியவில்லை. கஸ்டமர் சட்டைக்கு எடுத்து வைத்த கடைசிப் பட்டன். அதே நிறத்தில் வாங்க மதியம் கடைத்தெரு வரை போய் வந்தேன்.