சிக்னலா, கரண்டா: காவேரிப்பட்டணம் நாட்குறிப்பு

2025 ஜூன் 8, ஞாயிறு

அக்கா மகன் மூக்கு உடைந்த ரிமோட் விமானத்தைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வந்தான். பர்கூர் பொறியியல் கல்லூரியில் படிக்கிறான். கொரோ ஷீட் என்கிற பிளாஸ்டிக் அட்டையில் அவனே வெட்டி ஒட்டியது, இறக்கை ஒரு மீட்டர். மோட்டார் எல்லோரும் போடுகிற 2212, ஆயிரம் கேவி, அதாவது ஒரு வோல்ட்டுக்கு நிமிஷத்தில் ஆயிரம் சுற்று. மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்த 30 ஆம்பியர் இஎஸ்சி, மூன்று செல் லிப்போ பேட்டரி, இறக்கை, வால் மடல்களை ஆட்ட நான்கு 9 கிராம் சர்வோ.

"சிக்னல் போயிடுச்சு மாமா. நல்லாப் பறந்துட்டு இருந்துச்சு, திடீர்னு சொன்ன பேச்சைக் கேக்கல."

எவ்வளவு தூரத்தில் என்றேன். ஏரிக்கரையிலிருந்து நடு ஏரிக்கு, அவ்வளவுதான். வறண்ட ஏரியில் குறுக்கே ஒரு மரம் கூடக் கிடையாது. அவன் ரிமோட் ஃப்ளைஸ்கை ஐ6. 2.4 கிகாஹெர்ட்ஸில் அதிகபட்சம் 100 மில்லிவாட் வரை அனுப்பும், ஒரே இடத்தில் நிற்காமல் அலைவரிசை விட்டு அலைவரிசை தாவும். வெட்ட வெளியில் நூறு மீட்டருக்குள்ளேயே அதன் சிக்னல் அறுந்துபோகிறது என்றால் எனக்கு நம்பிக்கை வரவில்லை.

டிவி ரிப்பேரில் ஆரம்பித்து இன்று மொபைல் சர்வீஸ் வரை வந்தவன் நான். "சிக்னல் இல்லை" என்று வருகிற பெட்டிகளில் பாதிக்கு பவர் சப்ளையில்தான் வியாதி இருக்கும். விமானத்தை மட்டும் ஏன் விதிவிலக்காக நினைக்க வேண்டும்?

இன்னும் இரண்டு விஷயங்களைத் துருவித் துருவிக் கேட்டு வாங்கினேன். விழுவதற்கு முன்பு சுற்றிச் சுற்றிக் குட்டிக்கரணம் போட்டுக்கொண்டிருந்தான். அதற்கு முன்பு பேட்டரியை மாட்டி, வெயிலில் வைத்து நண்பர்களோடு போட்டோ எடுத்திருக்கிறான். இரண்டையும் காகிதத்தில் குறித்து வைத்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

மூக்கை ஒட்டினோம். புரொப்பல்லரைக் கழற்றி என் மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டேன். மேஜை வேலை முடிகிற வரை சாவி என்னிடம்தான்.

ரிசீவர் ஐஏ6பி. பைண்டு செய்வதில், அதாவது ரிமோட்டையும் ரிசீவரையும் ஜோடி சேர்ப்பதில், ஏதாவது கோளாறா என்று முதலிலிருந்து செய்து பார்த்தோம். ரிசீவரில் பைண்டுக்கான முனையில் சின்ன வளைய வயரைச் செருகி, பவர் கொடுத்தால் சிவப்பு விளக்கு வேகமாக மினுக்கும். ரிமோட்டில் பைண்டு பொத்தானை அழுத்திக்கொண்டே ஆன் செய்ய வேண்டும். சேர்ந்ததும் வளையத்தைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை அணைத்துப் போட்டால் விளக்கு நிலையாக எரியும். எரிந்தது. இந்த வேலைக்கு மூன்று நிமிஷம் கூட ஆகாது. ஆனால் பையன்கள் இதைத்தான் "ரேடியோ செட்டப்" என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

வயர் வரிசை சரியாக இருந்தது: ஒன்று எய்லரான் (இறக்கை மடல்), இரண்டு எலிவேட்டர் (வாலின் படுக்கை மடல்), மூன்று த்ராட்டில் (மோட்டார் வேகம்), நான்கு ரட்டர் (வாலின் நிமிர்ந்த மடல்). ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு கம்பெனி வகையறாவில் முதல் சேனலே த்ராட்டில். ரிசீவர் மாற்றுகிறவர்கள் பழைய ஞாபகத்தில் வயரைச் செருகினால் ரிமோட்டின் எய்லரான் குச்சியைத் தொட்டதும் மோட்டார் சுற்றும்.

ஆன்டெனா இரண்டையும் ஒன்றாக முறுக்கி, பேட்டரிக்கு அடியில் டேப் போட்டு ஒட்டியிருந்தான். பிரித்தேன். 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு அலைநீளம் பன்னிரண்டரை சென்டிமீட்டர், அதில் கால்பங்கு 31 மில்லிமீட்டர். வயரின் நுனியில் மேலுறை இல்லாமல் மெல்லிசாகத் தெரிகிற அந்த 31 மில்லிமீட்டர்தான் ஆன்டெனா, மற்றதெல்லாம் வெறும் கேபிள். அந்த நுனிகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நிற்க வேண்டும். விமானம் எப்படித் திரும்பினாலும் ஒன்றாவது ரிமோட்டைப் பார்க்கும். குளிர்பானம் குடிக்கும் ஸ்ட்ரா இரண்டை எல் வடிவில் ஒட்டி அதற்குள் நுழைத்துவிட்டோம்.

"அப்ப இதுதான் காரணமா மாமா?" என்றான். இருக்கலாம், ஆனால் முடிவு கட்டாதே என்றேன். அந்த ஆன்டெனாவோடுதான் அதற்கு முந்தைய வாரமெல்லாம் இதே ஏரியில் பறந்திருக்கிறது.

ஜூன் 11, புதன்

கடையில் கூட்டம். மாங்காய் லாரி ஓட்டுகிறவர்கள் சார்ஜர் வாங்க வந்தபடி இருந்தார்கள். இந்த வருஷம் மாங்காய்க்கு விலை இல்லை என்பதே பேச்சு. விமானம் அலமாரி மேலேயே கிடந்தது.

ஜூன் 13, வெள்ளி

இன்று இரவு கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு அளந்தோம்.

ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் தனி பேட்டரி இல்லை. இஎஸ்சிக்குள்ளேயே ஒரு சின்ன ரெகுலேட்டர் இருக்கிறது. பெக் என்பார்கள். லிப்போவின் வோல்ட்டேஜை 5 வோல்ட்டாக இறக்கி, த்ராட்டில் சேனலின் மூன்று கம்பி வயர் வழியாகவே ரிசீவருக்குக் கொடுக்கும். இவனுடைய இஎஸ்சியில் இருப்பது லீனியர் வகை, மேலே 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது.

அந்த 2 ஆம்பியரை அப்படியே நம்பக் கூடாது. லீனியர் ரெகுலேட்டர் மிச்ச வோல்ட்டேஜை எல்லாம் சூடாகத்தான் கழிக்கும். மூன்று செல் லிப்போ முழு சார்ஜில் 12.6 வோல்ட். அதில் ஐந்து போக 7.6. சர்வோக்கள் ஒரு ஆம்பியர் இழுத்தால் 7.6 வாட் சூடு. சின்ன சால்டரிங் அயர்ன் அளவுக்குச் சூடு கட்டைவிரல் அகலப் பலகையில் கிளம்புகிறது. அதன் மேல் ஷ்ரிங்க் உறை, அதைச் சுற்றிக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உடம்பு. இரண்டு செல் பேட்டரியில் இதே ரெகுலேட்டர் நிம்மதியாக ஓடும். மூன்று செல், நான்கு சர்வோ என்றால் அதற்கு மூச்சு முட்டும்.

ரிசீவரின் காலி சேனலில், வோல்ட்டேஜைக் கோடாகக் காட்டும் பழைய ஆஸிலாஸ்கோப்பின் முனையை மாட்டினேன். சும்மா இருக்கும்போது கோடு 5 வோல்ட்டில் நேராக நின்றது. இரண்டு குச்சிகளையும் ஒன்றாகச் சுழற்றச் சொன்னேன். கோடு கீழே கீழே குத்தியது, ஒவ்வொரு குத்தும் நாலரை வரை. இது பரவாயில்லை. ரிசீவருக்கு 4 வோல்ட் வரை போதும்.

நிறுத்தாமல் சுழற்று என்றேன். கொஞ்ச நேரத்தில் இஎஸ்சி மேல் விரல் வைக்க முடியவில்லை. அப்புறம்தான் நடந்தது. கோடு மூன்றுக்கும் கீழே விழுந்தது, ரிசீவரின் சிவப்பு விளக்கு அணைந்தது, நான்கு சர்வோக்களும் கைவிட்ட மாதிரி நின்றன. அவன் குச்சியை விட்டதும் விளக்கு மறுபடி எரிந்தது. எல்லாம் ஒரு மூச்சு விடும் நேரம். ஆகாயத்தில் அந்த நேரம் போதும், தலைகீழாக இருக்கும் விமானம் தரையைப் பார்க்க.

வெயிலில் போட்டோ இஎஸ்சியை முன்னாலேயே சூடாக்கியது, குட்டிக்கரணம் கரண்டை விடாமல் இழுத்தது. இரண்டுக்கும் கணக்கு சரியாக வந்துவிட்டது.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. ரட்டர் சர்வோ சும்மா இருக்கும்போதே "ர்ர்ர்" என்று முனகியது. கம்பியைத் தொட்டால் நடுக்கம். குச்சியைக் கடைசி வரை தள்ளினால் ரட்டரின் கொம்பு வாலில் முட்டி நிற்கிறது, சர்வோ இன்னும் தள்ளப் பார்க்கிறது. மல்டிமீட்டரைத் தொடரில் போட்டால் அந்த ஒரு சர்வோ மட்டும் அரை ஆம்பியருக்கு மேல் இழுத்தது. முட்டி நிற்கிற சர்வோ வேலை செய்யாது, கரண்டை மட்டும் குடிக்கும்.

ரிமோட் திரையிலும் ரிசீவருக்கு வரும் வோல்ட்டேஜ் தெரியும், ஐஏ6பி அதைத் திருப்பி அனுப்புகிறது. ஆனால் கண் இமைக்கும் நேரத்துச் சரிவை அந்தத் திரை காட்டவில்லை. நான் ஸ்கோப்பில் நாலரை பார்த்தபோது அது 5.0 என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

ஜூன் 14, சனி

ஓசூர் வழியாக பெங்களூர், எஸ்பி ரோடு. கிருஷ்ணகிரி மாவட்டத்து எலக்ட்ரானிக்ஸ்காரனுக்கு சென்னையை விட எஸ்பி ரோடுதான் பக்கம். ஸ்விட்சிங் வகை யூபெக், அதாவது தனி ரெகுலேட்டர், ஒன்று வாங்கினோம், 5 வோல்ட் 3 ஆம்பியர். இது மிச்ச வோல்ட்டேஜைச் சூடாக்கி எறியாது, வேகமாக வெட்டி வெட்டிக் கொடுப்பதால் லேசான சூட்டோடு முடிந்துவிடும்.

பஸ்ஸில் வரும்போது பழைய கதை. நான் முதலில் பார்த்த ரிமோட், அலைவரிசையைத் தீர்மானிக்கும் கிரிஸ்டல் போட்டது. அனுப்புவதிலும் வாங்குவதிலும் ஒரே எண் கிரிஸ்டல் இருக்க வேண்டும். அதே எண்ணோடு மைதானத்தில் இன்னொருவர் ஆன் செய்தால் உங்கள் விமானம் காலி. அதனால் ஒவ்வொரு எண்ணுக்கும் ஒரு துணிக் கிளிப் பலகையில் இருக்கும், கிளிப்பைக் கையில் வைத்திருப்பவர் மட்டும் ரிமோட்டைப் போடலாம். அமெரிக்காவில் 72 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 35. இன்று பத்துப் பேர் ஒரே ஏரியில் ஆன் செய்தாலும் ஒருவர் ரிசீவர் இன்னொருவர் ரிமோட்டைச் சட்டை செய்வதில்லை.

அதற்கும் முந்தைய கதை எனக்குப் பிடித்தது. வால்டர் குட், வில்லியம் குட் என்ற அமெரிக்க இரட்டையர் 1937இலேயே கஃப் என்ற விமானத்தை ரேடியோவில் பறக்கவிட்டார்கள். அந்தத் தலைமுறை விமானங்கள் பலவற்றில் சர்வோவே கிடையாது. முறுக்கிய ரப்பர் பாண்டுதான் ரட்டரை இழுக்கும், ரேடியோ பூட்டை மட்டும் திறந்துவிடும். கட்டளை ஒரு பக்கம், தெம்பு ஒரு பக்கம் என்று அப்போது கண்ணுக்கே தெரிந்தது. இப்போது இரண்டும் ஒரே மூன்று கம்பி வயரில் வருவதால் பையன்களுக்குப் பிரித்துப் பார்க்கத் தோன்றுவதில்லை.

ஜூன் 16, திங்கள்

யூபெக் மாட்டியாயிற்று. இஎஸ்சியின் மூன்று கம்பியில் நடுச் சிவப்பைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரண்டு ரெகுலேட்டர் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். வெட்டத் தேவையில்லை. ஊசி நுனியால் பிளாஸ்டிக் நாக்கைத் தூக்கினால் சிவப்பு முனை தானாக வெளியே வழுக்கும். அதை மடித்து டேப் சுற்றிவிட்டோம். நாளைக்கே இரண்டு செல்லுக்கு மாறினால் திரும்பச் செருகிக்கொள்ளலாம்.

மறுபடி ஸ்கோப். எவ்வளவு சுழற்றியும் கோடு 4.9க்குக் கீழே போகவில்லை. யூபெக் கைச்சூட்டில்தான் இருந்தது.

அப்புறம் ரிமோட் மெனு. ரட்டரின் எண்டு பாயிண்ட்டை, அதாவது சர்வோ போகும் எல்லையை, நூறிலிருந்து எண்பதுக்கு இறக்கினோம், முனகல் நின்றது. ஆனால் முதலில் கம்பியைச் சர்வோ கையில் உள்ளே இருக்கும் ஓட்டைக்கு மாற்றிவிட்டுத்தான் மெனுவுக்குப் போனோம். கம்பியில் தீர வேண்டியதை மெனுவில் தீர்ப்பது எனக்குப் பிடிக்காது.

திசையை விமானத்துக்குப் பின்னால் நின்று பார்க்க வேண்டும். எய்லரான் குச்சியை வலப்பக்கம் தள்ளினால் வலது எய்லரான் மேலே. எலிவேட்டர் குச்சியைத் தன் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே. முன்னால் நின்று பார்த்தால் இடம் வலம் குழம்பும். எக்ஸ்போ முப்பது சதவீதம் வைத்தோம், குச்சியின் நடுப்பகுதி மென்மையாகும். சில ரிமோட்டில் இதற்குக் கூட்டல் குறி, சிலவற்றில் கழித்தல். திரையில் வரும் வளைகோடு நடுவில் படுத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்வதே வழி.

கடைசியாக ஃபெயில்சேஃப். நிஜமாகவே சிக்னல் போனால் விமானம் என்ன செய்ய வேண்டும் என்பதை இப்போதே சொல்லி வைப்பது. த்ராட்டிலைக் கீழே இறக்கிப் பிடித்தபடி மூன்றாம் சேனலுக்கு ஆன் கொடுத்தான். இந்த ரிமோட்டில் சேமிக்க 'கேன்சல்' பொத்தானை நீட்டி அழுத்த வேண்டும். லேசாக அழுத்தினால் நிஜமாகவே கேன்சல். வைத்ததும் சோதித்தோம்: புரொப்பல்லர் இல்லாமல் மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ரிமோட்டை அணைத்தான். மோட்டார் நின்றது.

"இத எப்பவும் செய்யணுமா மாமா?" புது விமானம், புது ரிசீவர், மறு பைண்டு எதுவானாலும் செய்யணும்டா மாப்ளே.

ஜூன் 19, வியாழன்

தென்மேற்குக் காற்று பேயாய் அடிக்கிறது. ஏரிப் பக்கம் போகவில்லை. மத்திய அரசின் வான்பரப்பு வரைபடத்தில் நம் ஏரி பச்சை நிறமா என்று சரிபார்த்தான். 2021 டிரோன் விதிகளின்படி பச்சைப் பகுதியில் 400 அடி, அதாவது 120 மீட்டர் வரை பறக்கவிடலாம். இந்த விமானம் அவ்வளவு உயரம் போனால் என் கண்ணுக்கே தெரியாது, அது வேறு விஷயம்.

ஜூன் 22, ஞாயிறு

காற்று எழும் முன் ஆறு மணிக்கே ஏரியில் இருந்தோம். ரிமோட்டை முதலில் ஆன் செய்தோம், விமானத்தை அப்புறம். த்ராட்டில் கீழே, ஸ்விட்சுகள் எல்லாம் மேலே, இல்லாவிட்டால் இந்த ரிமோட் எச்சரித்துக்கொண்டே நிற்கும். டிராயர் சாவியைக் கொடுத்து வைத்திருந்தேன், புரொப்பல்லரை அங்கேயே மாட்டினான். எடைமையம் இறக்கை அகலத்தில் முன்னாலிருந்து மூன்றில் ஒரு பங்குக்குள் வருகிறதா என்று இரண்டு விரலில் தூக்கிப் பார்த்தோம்.

நான் விமானத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, அவன் குச்சிகளை ஆட்டியபடியே கரை வரை நடந்து போனான். முதலில் மோட்டார் இல்லாமல், அப்புறம் மோட்டாரை முழு வேகத்தில் ஓடவிட்டு. இரண்டாவதை யாரும் செய்வதில்லை. மோட்டார் ஓடும்போது பேட்டரி வோல்ட்டேஜ் இறங்கும், இஎஸ்சி இரைச்சல் போடும், அப்போதும் சர்வோ நடுங்காமல் இருந்தால்தான் எனக்குத் திருப்தி. நடுங்கவில்லை.

ஏறியது. இடப்பக்கம் லேசாகச் சாய்ந்தது, நடுநிலையைத் திருத்தும் ட்ரிம் பொத்தானில் நாலு தட்டு, நேரானது. அப்புறம் அவன் ஆசைப்பட்ட குட்டிக்கரணம், ஒன்றன் பின் ஒன்றாக, போன தடவை விழுந்த அதே நடு ஏரி மேல். மாடு மேய்க்கும் பெரியவர் நின்று பார்த்துவிட்டு "இது எத்தன ரூபா?" என்றார். சொன்னதும் போய்விட்டார்.

இறக்கியதும் யூபெக்கைத் தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு. இஎஸ்சி அதைவிடச் சூடு, ஆனால் விரல் தாங்கியது. ட்ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்து, எய்லரான் கம்பியின் முனைக் கொக்கியான கிளிவிஸை இரண்டு சுற்று திருகினான். அதற்குள் அவன் கூட்டாளி ஒருவன் டிவிஎஸ்ஸில் பெரிய விமானத்தோடு வந்து, தனக்கும் போன வாரம் சிக்னல் போய்விட்டது என்றான். என் மருமகன் அவனிடம் முதலில் கேட்டது: "எத்தன செல்லு, எத்தன சர்வோ?"