கிளைகளை எண்ணிய வாரம்

அக்டோபர் 27, 2023. ஃப்ளாட் டாப்ஸ், கொலராடோ

நாளை எல்க் என்ற பெரிய மானைத் துப்பாக்கியால் வேட்டையாடும் இரண்டாவது ரைபிள் சீசன் தொடங்குகிறது. ராத்திரி கூடாரத்தில் விதியை மறுபடி படித்தேன். ஆண் எல்க் என்றால் ஒரு கொம்பிலாவது 4 கிளை இருக்க வேண்டும், அல்லது புருவத்துக்கு மேல் முன்னோக்கி நீளும் முதல் கிளை 5 அங்குலமாவது இருக்க வேண்டும். இரண்டும் இல்லாத இளசுகளை விட்டுவிட வேண்டும். நல்ல விதி. கொம்பு கிளைவிடாத இளசுகளையெல்லாம் சுட்டுத் தீர்த்தால் அப்புறம் முதிர்ந்த ஆண் எங்கிருந்து வரும்?

அக்டோபர் 28

விடிந்தும் விடியாத நேரம். வில்லோ புதரில் பெரிய உருவம். "எல்க்தான்" என்று கிசுகிசுத்தார் நண்பர். எனக்கு நிறம் இடித்தது. எல்க்குக்கு உடம்பு வெளிர் பழுப்பு, கழுத்து கருமை, பின்புறம் வெளிறிய திட்டு. இது முழுக்க ஒரே கருப்பு. வெளிச்சம் ஏறியதும் தொங்கும் மூக்கும் தாடியும் தெரிந்தன. மூஸ், மான் இனத்திலேயே பெரியது! 1978-ல் யூட்டாவிலிருந்து கொண்டுவந்து கொலராடோவின் நார்த் பார்க்கில் விட ஆரம்பித்தார்கள், இன்று பல மலைகளில் எதிர்ப்படுகிறது. எல்க் என்று நினைத்து இதைச் சுட்டுவிடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

பார்ப்பதற்குப் பைனாகுலர்தான். துப்பாக்கியில் மாட்டிய ஸ்கோப் வழியாகப் பார்ப்பது என்றால், எதிரில் நிற்பது மானா மனிதனா என்று தெரியும் முன்பே துப்பாக்கியை நீட்டுவது. அதை என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது.

அக்டோபர் 30

பனி. ஆஸ்பென் தோப்பிலிருந்து பெட்டைகள் வரிசையாக வந்தன, கடைசியில் ஓர் ஆண். நேரே நம்மைப் பார்த்து நின்றால் கிளைகள் ஒன்றையொன்று மறைத்துக் கணக்கு குழம்பும். போதாததற்குப் பின்னால் இலையுதிர்ந்த மரங்கள். எது கொம்பு, எது கொப்பு? கொம்பு நுனி தேய்ந்து தந்தம்போல் வெளுத்திருக்கும், அதை மட்டும் தேடினேன். இடப்பக்கம் மூன்று நுனி. நாலாவது இருந்த மாதிரியும் இருந்தது. வலக்கொம்பு மரத்துக்குப் பின்னால்.

"நாலு இருக்கும், சுடுங்க."

"இருக்கும்னு சுட முடியாது."

தோப்புக்குள் போய்விட்டது. நண்பருக்கு வருத்தம்தான், எனக்கு இல்லை.

நவம்பர் 1

மாலை. புல்வெளி ஓரத்தில் ஓர் ஆண், ஏறக்குறைய 200 கஜ தூரம். மேய்ந்துகொண்டே பக்கவாட்டில் திரும்பியபோது புருவக் கிளை முகத்தில் பாதி நீளத்துக்கு நீண்டிருந்தது. சந்தேகமே இல்லை. மேலே எண்ணினேன், இடப்பக்கம் மட்டும் ஐந்து. ஆனால் தோளுக்கு நேர் பின்னால் ஒரு பெட்டை. குண்டு ஊடுருவினால் அதுவும் சாகும், அல்லது காயத்தோடு ஓடும். விசையில் விரல் வைக்கவில்லை.

பெட்டை மேய்ந்தபடியே விலகியது. ஆண் இந்தப் பக்க முன்காலை எட்டி வைத்தது. பின்னால் வெறும் மண்மேடு. தோளுக்குச் சற்றுப் பின்னே, நெஞ்சின் கீழ்ப்பாதியில் ஒரே குண்டு. சில அடி ஓடி விழுந்தது.

டேப் வைத்து அளந்தேன், புருவக் கிளை 11 அங்குலம். அனுமதிச் சீட்டை அதன் உடலில் கட்டிவிட்டு, இறைச்சியைச் சுமக்கிற அளவுக்குப் பிரிக்கவே நள்ளிரவு ஆகிவிட்டது. நாளை தலையைப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். 1967-ல் இதே கொலராடோவில் முதலில் தென்பட்ட, மான்களின் மூளையை அரிக்கும் நோய் இந்த மந்தைகளிலும் உண்டு. முடிவு வரும்வரை இறைச்சி ஃப்ரீசரில்தான்.