பட்டா இல்லாத இடத்தில் ஒரு கூடாரம்

அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வருக்கு வந்த புதிதில் எங்களுக்குத் தெரிந்த கேம்பிங் என்பது ஆறு மாதத்துக்கு முன்பே இணையதளத்தில் இடம் பிடிப்பதுதான். காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறக்கும். தீபாவளிக்கு ரயில் டிக்கெட் போடுகிற அதே படபடப்பு. கிடைத்தால் எண் போட்ட இடம், மேசை, கழிப்பறை, பக்கத்துக் கூடாரத்துக் குறட்டை. கிடைக்காவிட்டால் வீட்டிலேயே பிரியாணி.

காசும் வேண்டாம், முன்பதிவும் வேண்டாம், காட்டில் போய்த் தங்கலாம் என்று அலுவலகத்தில் ஒருவர் சொன்னபோது நான் நம்பவில்லை. வீடு வாடகைக்கு எடுக்கவே கிரெடிட் ஸ்கோர் கேட்கிற ஊர் இது. ஆனால் உண்மைதான். தேசிய வனங்களின் பெரும்பகுதியில் இப்படித் தங்கலாம். டிஸ்பெர்ஸ்டு கேம்பிங் என்பார்கள். குழாய், கழிப்பறை, குப்பைத்தொட்டி எதுவும் கிடையாது. வனத்துறை இலவசமாகத் தரும் கருப்பு வெள்ளை வரைபடம் ஒன்று உண்டு. எந்தச் சாலையில் வண்டி போகலாம், எந்தச் சாலையை ஒட்டி வண்டியோடு தங்கலாம் என்பதை மட்டும் காட்டும். மேடு எது, பள்ளம் எது என்று அதில் தெரியாது. போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

அப்பா ஊரிலிருந்து வந்திருந்த கோடையில், லெட்வில் அருகே ஹாஃப்மூன் சாலைக்குப் போனோம். லெட்வில்லே 10,000 அடிக்கு மேலே இருக்கிற ஊர். மண் சாலையில் குலுங்கிக்கொண்டே போனால் ஒரு பக்கம் எல்பர்ட் சிகரம், ராக்கி மலைத்தொடரிலேயே உயரமானது, 14,400 அடிக்கும் மேல். இன்னொரு பக்கம் மவுண்ட் மாசிவ் வில்டர்னஸ் பகுதி. 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி, அந்த எல்லைக்குள் மோட்டார் எதுவும் நுழையக்கூடாது. சைக்கிள்கூட உருட்ட முடியாது. பாதையில் மரம் விழுந்தால் வனத்துறையினரே இருவர் இழுக்கும் கைரம்பத்தால்தான் அறுப்பார்கள். கார் இருப்பதால் நாங்கள் எல்லைக்கு வெளியே, ஏற்கெனவே பலர் தங்கிப் புல் தேய்ந்த ஓர் இடத்தில் கூடாரம் அடித்தோம்.

அப்பா ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர். இறங்கியதும் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்தார்.

"பட்டா யார் பேர்லடா?"

"கவர்மெண்ட் இடம்பா."

"அப்போ புறம்போக்கு. எத்தனை நாள் இருந்தா நம்ம பேருக்குக் கேட்கலாம்?"

"14 நாள்தான் தங்க விடுவாங்க. அதுக்கு மேல இருந்தா ரேஞ்சர் வந்து கிளப்பிடுவார்."

"பொழைக்கத் தெரிஞ்சவன்" என்றார், ரேஞ்சரைப் பற்றி.

சமையல்தான் அங்கே பெரிய விஷயம். அந்த உயரத்தில் தண்ணீர் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், ஆனால் பருப்பு கல்லாகவே கிடக்கும். வெள்ளைக்கார நண்பர்கள் வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் உலர்ந்த பாக்கெட்டுகளோடு வருவார்கள். நாங்கள் மூன்று லிட்டர் குக்கரோடு போகிறவர்கள். குக்கரிலும் வீட்டைவிட இரண்டு மூன்று விசில் கூடுதலாக வேண்டியிருந்தது. காற்று அடுப்பை அணைத்துவிடாமல் இருக்க என் மனைவி ஐஸ்பெட்டியை அடுப்புக்கு மறைப்பாக வைத்தாள். முதல் விசிலுக்கு எதிர்க்கூடாரத்து நாய் குரைத்தது. விறகுத் தீ மூட்ட முடியவில்லை, வறட்சியால் தடை. திருகி அணைக்கக்கூடிய கேஸ் அடுப்புக்கு மட்டும் அனுமதி. சாப்பிட்டு முடித்ததும் பாத்திரம், அரிசி, பெருங்காய டப்பா உட்பட எல்லாம் காருக்குள் போய்க் கதவு பூட்டப்பட்டது. கொலராடோவில் இருப்பது கருங்கரடி மட்டும்தான் என்றாலும், சாம்பார் வாசனையை அதற்கு அறிமுகப்படுத்துவது நல்லதல்ல.

அப்புறம் அந்தச் சின்ன மண்வெட்டி. ஓடையிலிருந்து 200 அடி தள்ளி, ஆறு முதல் எட்டு அங்குலம் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மூட வேண்டும். காகிதத்தைப் பையில் கட்டித் திரும்பக் கொண்டுவந்துவிடுவது நல்லது. நான் இதை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கித் தயங்கி விளக்கினேன். அவர் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டே, "இதுக்குத்தான் அமெரிக்கா வந்தியா?" என்று கேட்டுவிட்டு நடந்தார்.

டென்வரில் சில வாரம் இருந்து உயரத்துக்குப் பழகியிருந்தும் முதல் இரவு அவருக்கு லேசான தலைவலி. கூடினால் உடனே கீழே இறங்கிவிடுவது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். நிறையத் தண்ணீர் குடித்துப் படுத்தார், காலையில் சரியாகிவிட்டது. சிகரம் ஏறும் ஆசையெல்லாம் எங்களுக்கு இல்லை. விடிந்ததும் கிளம்பி, மரங்கள் குட்டையாகிக்கொண்டே போய் நின்றுவிடும் உயரம்வரை நடந்தோம். மதியத்துக்குள் இறங்கிவிட்டோம், ஏனென்றால் ஜூலையில் மதியத்துக்கு மேல் அநேகமாக இடி வரும். மேலே மொட்டைச் சரிவில் நிற்கிற மனிதனைவிட உயரமாக அங்கே எதுவும் இல்லை. அன்றும் கூடாரத்துக்குத் திரும்பிக் காபி போடும்போதே வானம் கறுத்து ஆலங்கட்டி கொட்டியது.

இந்தச் சுதந்திரம் சில இடங்களில் சுருங்கி வருகிறது. கிரெஸ்ட்டட் பியூட் என்ற கொலராடோ மலை ஊரைச் சுற்றிய பள்ளத்தாக்குகளில் கூட்டம் தாங்காமல், இப்போது எண்ணிட்ட இடங்களில் மட்டுமே தங்கலாம் என்று ஆக்கிவிட்டார்கள். எனக்கு வருத்தம்தான். ஆனால் பழைய தீக்குழிகளில் உடைந்த பாட்டில்களைப் பார்க்கும்போது வனத்துறையைக் குறை சொல்லவும் வாய் வரவில்லை. அப்பா இதைக் கேட்டு ஆச்சரியப்படவில்லை. "ஆள் கூடினா சர்வே கல்லு நடத்தானே செய்வான்" என்றார். ஹாஃப்மூனிலும் வெள்ளி மாலை போய்ச் சேர்ந்தால் ஓடையோரத்து நல்ல இடங்களில் வண்டிகள் நிற்கும். நாங்கள் இப்போதெல்லாம் வியாழன் மதியமே விடுப்பு போட்டுவிடுகிறோம்.