அம்மாவின் வால்வும் பாவல் பந்தலும்

குலசேகரத்தில் ராத்திரி கரண்ட் போய் ஃபேன் நின்றால், அம்மாவின் நெஞ்சிலிருந்து டிக் டிக் என்று கேட்கும். சின்ன வயதில் வந்த வாதக் காய்ச்சல் இதயத்தின் இடப்பக்க அறைகளுக்கு நடுவே இருக்கும் மைட்ரல் வால்வைக் கெடுத்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவ நிறுவனம் உருவாக்கிய செயற்கை வால்வு இருக்கிறது. 1990-இல் முதன்முதலாக மனிதருக்குப் பொருத்திய வகை. நல்ல சாமான்தான். ஆனால் ரத்தம் உறையாமலிருக்க தினமும் மாத்திரை, ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க அடிக்கடி ஐஎன்ஆர் பரிசோதனை, முருங்கைக்கீரைக்குக் கட்டுப்பாடு. (கீரை விஷயத்தில் அம்மா ஏமாற்றுவாள், அது வேறு கதை.)

நேற்று அவளிடம் 1999-இல் ஜப்பானில் நடந்ததைச் சொன்னேன். நான்கு வயதுச் சிறுமிக்கு, நுரையீரலுக்குப் போகும் தமனி அடைத்திருந்தது. அவளுடைய சிரையிலிருந்தே செல்களை எடுத்து வளர்த்து, உடலுக்குள் கரைந்துபோகும் பாலிமர் குழாயில் விதைத்து, அதை வைத்துத் தைத்தார்கள்.

"பந்தல் போட்டுக் கொடி ஏத்துற மாதிரிம்மா."

"பந்தல் கரைஞ்சா பாவக்கா எங்க தொங்கும் மக்களே?"

சரியான கேள்வி! பந்தல் கரைவதற்குள் செல்கள் கொலாஜன் என்ற நார்ப்புரதத்தைச் சுரந்து சொந்தச் சுவர் கட்டிவிட வேண்டும். இதே மாதிரி வால்வு வளர்ப்பதில்தான் பெரும்பாடு. நாளுக்கு சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடும் இதழ்கள் அவை. ஆடுகளில் சோதித்தபோது இதழ்கள் சுருங்கி, ரத்தம் பின்னால் கசிந்திருக்கிறது.

அம்மா கேட்டுக்கொண்டாள். "அது வரும்போ வரட்டு. நாளைக்கு கொஞ்சம் முருங்கைக்கீரை பறி."