கூரை வீடும் காலி மனையும்

ஜூன் 8, ஞாயிறு

கோவை ராஜ வீதியிலிருந்து பிரியும் சந்து ஒன்றில், அடுத்த மாதம் பிரிக்கப்போகிற ஓட்டு வீடு. வீட்டுக்கார ஆத்தாவுக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. "எங்க அப்பாரு (கொங்குப் பேச்சில் தாத்தா) கட்டுன ஊடு அம்முணி" என்று திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார். பரணில் மீதம் கிடந்த ஓட்டைத் திருப்பி ஒட்டடையைத் துடைத்தேன். புடைப்பெழுத்தில் பாசல் மிஷன் (சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ ஊழிய அமைப்பு), மங்களூர், 1865. காகிதத்தை மேலே வைத்துப் பென்சிலால் தேய்க்கத் தேய்க்க ஒவ்வொரு எழுத்தாக எழுந்து வந்தது. 160 வருஷத்து வீடு! ராத்திரி தூக்கமே இல்லை.

ஜூன் 11, புதன்

தப்பு. 1865 ஓடு சுட்ட வருஷம் இல்லை, பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய வருஷம். பல காலம் கழித்துச் சுட்ட ஓடுகளிலும் அதே முத்திரைதான். பழைய வீடு பார்க்கப் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 14, சனி

தகரப் பெட்டியிலிருந்து ஆத்தா கிரயப் பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் மடிப்பில் விட்டுப்போயிருக்கிறது; மூச்சு பட்டாலே உதிரும் போல. "சௌமிய வருஷம் தை மாதம்". சௌமிய அறுபது வருஷத்துக்கு ஒருமுறை வரும்: அந்தத் தை 1850, 1910, 1970 மூன்றில் ஒன்று. முத்திரைத்தாளில் தாடி வைத்த ராஜா, ஏழாம் எட்வர்ட். அவர் ஆண்டது 1901 முதல் 1910 மே வரை. செக்குபந்தியிலும், அதாவது மனையின் நான்கு எல்லை சொல்லும் பகுதியிலும், ஒரு சாட்சி: "டவுன் ஹாலுக்குப் போகும் பாதைக்கு வடக்கு, பொதுக் கிணற்றுக்கு மேற்கு". டவுன் ஹால் கட்டியது 1892. ஆக, 1910தான்.

அப்புறம்தான் விற்ற சொத்து என்னவென்று படித்தேன். "கூரை வீடும் காலி மனையும்." ஓட்டு வீடே அப்போது இல்லை! வாங்கிய பிறகு ஆத்தாவின் அப்பாருதான் கட்டியிருக்க வேண்டும். முதல் நாளே ஆத்தா சொன்னார். நான்தான் ஓட்டை நம்பினேன்.

ஜூன் 22, ஞாயிறு

பத்திரத்தை உரக்கப் படித்துக் காட்டினேன். அப்பாரு பெயர் வந்த இடத்தில் மறுபடி படிக்கச் சொன்னார். "பிளேக் வந்தப்ப ஊரையே காலி பண்ணிட்டுத் தோட்டத்துல சாளை போட்டுக் கெடந்தாங்களாம். திரும்பி வந்துதான் இந்த மனைய வாங்குனாராம்." சாளை என்றால் குடிசை. இந்த ஊரில் பிளேக் மாரியம்மன் கோயிலைத் தாண்டும்போதெல்லாம் பெயரை மட்டும்தான் கவனித்திருக்கிறேன். இனி அந்தச் சாளைகள் நினைவுக்கு வரும்.

"பொதுக் கிணறு எங்கே ஆத்தா?"

கோலை ஊன்றிக் கிழக்குப் பக்கம் வந்தார். இரண்டு பைக்குகள் நிற்கிற சிமெண்டுத் தரையில் தட்டிக் காட்டினார். "சிறுவாணித் தண்ணி கொழாய்ல வந்தப்பறம் தூத்துட்டாங்க கண்ணு."

சுவரிலிருந்து டேப் பிடித்து அளந்தேன். 11 அடி.