பெயரை அழித்த இரண்டு தந்திகள்

அரசுக் கலைக் கல்லூரி ஒன்றில் வரலாறு நடத்துகிறேன். பனிப்போர் பாடம் வந்தாலே கரும்பலகையின் நடுவில் ஒரு கோடு கிழிப்பேன். இந்தப் பக்கம் அமெரிக்கா, முதலாளித்துவம், நேட்டோ ராணுவக் கூட்டணி 1949. அந்தப் பக்கம் சோவியத், பொதுவுடைமை, வார்சா ராணுவ ஒப்பந்தம் 1955. பிள்ளைகள் அப்படியே எழுதிக்கொள்வார்கள். பல வருடம் இப்படித்தான் ஓடியது.

ஒரு வருடம் வேறு மாதிரி செய்து பார்த்தேன். 1946இல் எழுதப்பட்ட இரண்டு தந்திகளிலிருந்து ஒவ்வொரு பத்தியைத் தமிழில் சுருக்கி, நாட்டின் பெயர் வரும் இடங்களை அழித்துவிட்டு ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். ஒன்று, மாஸ்கோவிலிருந்த அமெரிக்கத் தூதரகத்திலிருந்து ஜார்ஜ் கென்னன் பிப்ரவரி 22 அன்று அனுப்பியது. மற்றது, வாஷிங்டனிலிருந்த சோவியத் தூதர் நிக்கோலாய் நோவிகோவ் செப்டம்பர் 27 தேதியிட்டு எழுதியது.

உலக ஆதிக்கத்துக்கு அலைகிறார்கள், தங்கள் எல்லையை விட்டு வெகுதூரத்தில் ராணுவத் தளம் போடுகிறார்கள் என்கிற பத்தியைப் படித்ததும் வகுப்பில் முக்கால்வாசிப் பேர், "இது அமெரிக்காக்காரர் ரஷ்யாவைப் பத்தி எழுதினது சார்" என்றார்கள். அது நோவிகோவ் எழுதியது. கணக்கும் காட்டியிருந்தார்: 1938இல் 100 கோடி டாலரைக்கூடத் தொடாத அமெரிக்க ராணுவச் செலவு, 1946-47க்கு 1,300 கோடி.

கென்னன் காய்ச்சலோடு படுக்கையில் கிடந்தபடி சொல்லச் சொல்ல எழுதவைத்த தந்தி 5,000 சொற்களைத் தாண்டியது. நீளம் தெரியாமலிருக்க ஐந்து பகுதியாகப் பிரித்தார். எங்கள் பிள்ளைகள் விடை நீளமாகத் தெரியத்தான் உள்தலைப்பு போடுவார்கள்! சோவியத்காரர்களைச் சமாளிக்கப் போய் நாமும் அவர்களைப் போலவே ஆகிவிடுவதுதான் பெரிய ஆபத்து என்று கடைசியில் எழுதியிருக்கிறார். வாஷிங்டன் அந்த ஒரு வரியை மட்டும் அவசரமாகத் தாண்டிப் போய்விட்டது என்பது என் எண்ணம்.

ஆனால் எனக்கு நோவிகோவ் மேல்தான் இரக்கம். என்ன எழுத வேண்டும் என்று மேலதிகாரியான சோவியத் வெளியுறவு அமைச்சர் மோலோட்டோவ் முன்பே சொல்லிவிட்டார். வந்த அறிக்கையில் அவரே ஆங்காங்கே அடிக்கோடும் போட்டுக்கொண்டார். இது எனக்குப் பழக்கப்பட்ட வேலை. பதினோரு பேர் வந்த ஒரு கருத்தரங்குக்கு, "மாணவர்கள் பெருந்திரளாகப் பங்கேற்றனர்னு போடுங்க" என்று ஒருமுறை மேலிருந்து சொன்னார்கள். சரி சார் என்று எழுதிக் கொடுத்தேன். என் அறிக்கை பீரோவுக்குள் போனதோடு சரி. அவருடையதும் பூட்டித்தான் கிடந்தது, 1990இல்தான் வெளியே வந்தது. ஆனால் மோலோட்டோவ் படித்துவிட்டாரே.

இப்போது ஒவ்வொரு வருடமும் தந்திகளுக்கு இரண்டு பாடவேளை ஒதுக்குகிறேன். செமஸ்டர் வினாத்தாளில் மட்டும் "முதலாளித்துவம், பொதுவுடைமை: வேறுபடுத்துக" என்றுதான் வருகிறது, 10 மதிப்பெண். அதனால் மூன்றாவது பாடவேளையில் பழையபடி கோடு கிழித்து அட்டவணையும் போட்டுவிடுகிறேன்.